மண்ணோடு வாங்கிய கிழங்கு

மார்கழி 4
விடியுமுன்பே பாவூர்சத்திரம் சந்தை. பனியில் மூடைகளெல்லாம் ஈரம். முருங்கைக்காய் விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். மழையிலும் குளிரிலும் பூ உதிர்ந்து நம் பக்கத்து மரங்களில் காயில்லை. வந்திருப்பது வடநாட்டுக் காய். நாட்கணக்கில் லாரியில் கிடந்து நார் ஏறியிருந்தது. மெஸ்ஸில் தை முடியும்வரை முருங்கை சாம்பார் கிடையாது.

மார்கழி 9
சிறுகிழங்கு வந்துவிட்டது! ஆடியில் நட்டது, இப்போதுதான் வெட்டு. கழுவி வைத்த குவியல் பளிச்சென்றிருந்தது, வாங்கவில்லை. ஈரம் பட்ட கிழங்கு சீக்கிரம் அழுகும், மண்ணோடு இருந்தால் நாள்படத் தாங்கும்.

"மண்ணுக்கும் சேத்தா துட்டு குடுக்கணும், அண்ணாச்சி?" என்றேன். மூடைக்கு இரண்டு கிலோ தள்ளிக் கொடுத்தார்.

தோல் எடுப்பதுதான் பாடு. சாக்கில் போட்டுக் கட்டித் தரையில் அடித்து உருட்டினால் பெரும்பகுதி கழன்றுவிடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்ட வேண்டும், விரலெல்லாம் கறுத்துப்போகும். 120 சாப்பாட்டுக்கு 15 கிலோ, நாலு பேருக்கு இரண்டு மணி நேர வேலை. அந்தக் கூலியையும் கிழங்கின் விலையோடு சேர்த்தே கணக்கு எழுதினேன். எழுதாத வருஷம் கையைக் கடித்தது. ஆனாலும் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்ட பொரியலின் மணத்துக்கு வேறு எந்தக் காய் ஈடு?

மார்கழி 15
மதியச் சாப்பாடு எடுக்கும் ஓர் அலுவலகத்தில் மாதப் பட்டியல் கேட்டார்கள், வாரம் மூன்று நாள் பீன்ஸ், கேரட் என்று. மார்கழியில் மொச்சையும் அவரையும் பக்கத்துக் காட்டில் காய்த்துத் தொங்குகையில், மலைக்காய்க்கு ஏன் வண்டிச் சத்தம் கொடுக்க வேண்டும்? 'பொரியல், கூட்டு, குழம்பு உறுதி. காயின் பெயர் முந்தின நாள் சாயங்காலம்' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

மார்கழி 22
கீழப்பாவூர் ஆச்சி ஒருத்தி வீட்டுப் பந்தலில் பறித்த அவரையோடு மெஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். நாலு கிலோதான். 120 இலைக்கு எந்த மூலைக்கு? திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. இருந்த மொச்சையையும் கத்தரிக்காயையும் சேர்த்துக் கூட்டாக்கினோம். பாத்திரம் காலி.

"அடுத்த பறிப்பு எப்ப, ஆச்சி?"

"வெள்ளிக்கிழமை."

வரும்போது பக்கத்து வீட்டுப் பந்தல்காரியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.