'அண்ணே, மீதி பத்து ரூபா வரணும்!'

இன்றைய குழந்தைகளுக்குப் பணம் என்றால் ஒரு சத்தம். போனைக் காட்டினால் 'டிங்' என்கிறது, கடையில் இருக்கும் ஸ்பீக்கர் தொகையைச் சொல்கிறது, பொருள் கைக்கு வந்துவிடுகிறது. யு.பி.ஐ வந்தது 2016-ல். அதற்குப் பிறகு பிறந்த என் அக்கா மகளுக்கு வயது ஏழு. ரூபாய் நோட்டு என்பது அவளைப் பொறுத்தவரை பிறந்தநாளுக்கு உறவினர்கள் கொடுப்பது, உண்டியலில் போடுவது. அவ்வளவுதான்.

அக்கா மதுரையில் நர்ஸ். மாமாவுக்கு வெளியூர் வேலை. அக்காவுக்கு மதியம் ஷிஃப்ட் என்றால், பள்ளிவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எங்கள் அப்பா. அவருக்கு முழங்கால் வலி, மாடிப்படி இறங்க முடியாது. கையில் இருப்பதோ பட்டன் போன். அதனால் தெருமுனைக் கடையில் பால், தயிர் வாங்க அவள்தான் காசோடு போக வேண்டும்.

நான் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, 32 ரூபாய்க்குச் சாமான் வாங்க 50 ரூபாய் நோட்டோடு போனவள், எட்டு ரூபாயோடு திரும்பி வந்தாள். பத்து ரூபாய் குறைகிறதே என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு சித்தி. ஆனா கேட்டா திட்டுவாங்கல்ல?"

பத்து ரூபாய் போனது பெரிதில்லை. அந்தப் பதில்தான் எனக்கு உறுத்தியது. 50-லிருந்து 32-ஐக் கழிக்க அவளுக்குத் தெரியும். நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கி, சரியாகப் போட்டுவிடுவாள். கடை வாசலில் பென்சிலும் இல்லை, நேரமும் இல்லை. பின்னால் நிற்பவர் "சீக்கிரம் பாப்பா" என்கிறார். மனசுக்குள் கணக்கு உறுதியாக இல்லாதபோது வாய் எப்படித் திறக்கும்?

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஓடும் பஸ்ஸில், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சில்லறை கொடுத்தவர். "கழிக்காத ஆத்தா, ஏத்திக்கிட்டே வா" என்றார். பில் 32. அதிலிருந்து 50 வரை ஏற வேண்டும். மூன்று ரூபாய் வைத்தால் 35. ஓர் ஐந்து ரூபாய், 40. ஒரு பத்து, 50. நோட்டுக்குச் சரியாக வந்துவிட்டது. வைத்த காசை அள்ளினால் அதுதான் மீதி, 18. கழித்தலே கிடையாது. கடைக்காரர்களும் கண்டக்டர்களும் காலங்காலமாக இப்படித்தான் எண்ணிக் கொடுக்கிறார்கள்.

இதற்கு முன்னால் காசை அடையாளம் காண வேண்டுமே. பொம்மை நோட்டு இதற்கு உதவாது என்பது என் கட்சி. உண்டியலை உடைத்துத் தரையில் கொட்டினோம். பெரிய காசுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று நினைத்திருந்தாள். பழைய இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று, தடியான ஐந்து ரூபாயைவிட அகலமாக இருந்ததில் அவளுக்குப் பெரிய ஏமாற்றம். ஒவ்வொரு காசையும் திருப்பி எண்ணைப் பார்த்துச் சொல்ல வைத்தோம். இருபது ரூபாய் நாணயம் 12 பட்டைகளோடு இருப்பதால் அது மட்டும் உடனே பிடிபட்டது. பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து, "இது செல்லாதுன்னு கடையில சொன்னாங்க" என்றாள். நம் ஊரில் இன்னும் தீராத வியாதி இது! 14 வகை பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லியாகிவிட்டது. நடுவில் அப்பா எட்டணா, நாலணா என்று ஆரம்பித்தார். நாலணா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது, பிள்ளையைக் குழப்பாதீர்கள் என்று நிறுத்தினேன்.

அடுத்த விளையாட்டு அப்பாவின் யோசனை. அவர் கடைக்காரர், வேண்டுமென்றே தப்பாகச் சில்லறை கொடுப்பார். அவள் கையை விரித்து, அவர் கண் முன்னாலேயே எண்ண வேண்டும். குறைந்தால், "அண்ணே, இன்னும் இவ்வளவு வரணும்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கூடுதலாக வந்தால் திருப்பித் தர வேண்டும். முதல் நாள் குரலே எழும்பவில்லை. அப்பா காது கேட்காதவர் மாதிரி நடித்தார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்கே கேட்டது.

அப்போதுதான் அப்பா சர்வீஸ் கதை சொன்னார். சில்லறை இல்லாவிட்டால், பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். இறங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். கூச்சப்பட்டுக் கேட்காமலே இறங்கிப் போனவர்கள் நிறைய பேர் என்றார். "நான் கூப்பிட்டுக் குடுப்பேன். கூட்டத்துல எத்தனை பேரைக் கூப்பிட முடியும்?"

சரியான சில்லறையை எண்ணிக் கையில் திணித்து அனுப்பும் பெற்றோர்தான் அதிகம். தொலையாது, தகராறு இல்லை. ஆனால், மீதியே வராத பிள்ளை எதை எண்ணிப் பழகும்?

போன வாரம் போனில் சொன்னாள். மறுபடியும் பத்து ரூபாய் குறைந்ததாம், கேட்டாளாம். கடைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, "அட ஆமா" என்று கொடுத்துவிட்டாராம். "திட்டவே இல்ல சித்தி!"

இன்னும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. 62 ரூபாய் பில்லுக்கு நூறு ரூபாயை நீட்டினால், "ரெண்டு ரூபா இருக்கா பாப்பா?" என்கிறார் கடைக்காரர். நூறே அதிகம், அதற்கு மேல் எதற்கு இரண்டு ரூபாய் கேட்கிறார் என்று சண்டைக்கு நிற்கிறாள். 102 கொடுத்தால் நாற்பதாக, நான்கு பத்து ரூபாய் நோட்டாகத் திரும்பி வரும் என்று அப்பா தரையில் காசு பரப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் வாங்கலாமா, கூடாதா என்பதில் வீடே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அக்கா வாங்கலாம் என்கிறாள், அப்பா கூடாது என்கிறார். சம்பந்தப்பட்டவள் மிட்டாயைத் தின்றுவிட்டு ஒரு ரூபாயையும் கேட்கலாமா என்று யோசிக்கிறாள்.