மலைக்கு நேர்ந்தது

ஜனவரி 29, 2025
அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் சிக்கந்தர் மலை ஏறி தர்காவில் ஃபாத்திஹா ஓதியாக வேண்டுமாம். இந்தக் காலோடு திருப்பரங்குன்றமா என்றேன். “நேந்தது நானு, நீயா?” என்கிறாள்.

பிப்ரவரி 3
மலைத் தகராறில் மதுரையில் இரண்டு நாள் தடையுத்தரவு. அந்தப் பக்கமே போகாதே என்று எங்கள் பேகம்பூரில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். யாருக்குச் சொந்தம் என்று 1931லேயே லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய மலை. தீர்ந்தபாடில்லை. அம்மா டிவியை அணைத்துவிட்டாள்.

பிப்ரவரி 4
சிறுமலைப் பழத்துக்கு இன்று நல்ல விலை. மண்டியில் பேச்செல்லாம் மலைதான். நான் தாரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16
மதுரையில் வசூல் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். படிக்கட்டுப் பக்கம் போலீஸைப் பார்த்ததும் கால் தானாகத் திரும்பிக்கொண்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பார்களோ என்ற நினைப்பே போதுமாயிருந்தது.

மலையைச் சுற்றி மேற்கே வந்தேன். சரிவில் சமணர் குகை. ஒரு பக்கம் தலைக்கு மேடு விட்டு வெட்டிய கற்படுக்கைகள். உளி போன வரி இன்னும் தெரிகிறது. முதுகு உறுத்தியிருக்காதோ? அங்கிருந்த கல்லூரிப் பையன் ஒருவன் தமிழி எழுத்தை ஒவ்வொன்றாகக் காட்டி வாசித்தான். எருகாட்டூரில் குடியிருந்த ஈழத்துக் குடும்பத்தான் போலாலையன் கொடுத்த கொடையாம். செய்தவர்கள் ஆய்சயன், நெடுசாதன். இரண்டாயிரம் வருஷப் பழசு. வேலை பார்த்தவன் பேரையும் விடாமல் போட்டிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது.

உச்சியில் சிக்கந்தர் பாதுஷா. மதுரையின் கடைசி சுல்தான், 1378 வாக்கில் விஜயநகரப் படையோடு பொருது மடிந்தவர் என்பார்கள். அண்ணாந்து பார்த்தேன். பாறைதான் தெரிந்தது.

பிப்ரவரி 17
போன இடத்தை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். செல்லில் படத்தைக் காட்டினேன். “ஈழத்துக்காரனா? கடல் தாண்டி வந்து குடுத்துருக்கான். அவனுக்கு என்ன நேர்ச்சையோ.”

பிப்ரவரி 20
அந்த ஈழத்தானைப் போல, ஊர்சுற்றி இப்னு பதூதாவும் 1344இல் இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறிவிட்டு இந்தப் பக்கம் வந்தார். மதுரையை அப்போது ஆண்ட கியாசுத்தீன் அவருக்குச் சகலை. அம்மாவிடம் சொன்னேன். “அப்ப அவருக்குச் சாப்பாட்டுக்குக் குறைவிருந்திருக்காது” என்றாள். ஊரில் அப்போது கொள்ளைநோய் என்பதை நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 23
மழை. லோடு இறங்கவில்லை.

மார்ச் 2
நோன்பு பிறந்துவிட்டது. ஆபரேஷனைப் பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அம்மா முகத்தில் சிரிப்பு. டோலி தூக்க ஆள் கிடைக்குமா, எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரிக்கச் சொல்கிறாள். விசாரிக்கிறேன் என்றேன்.