தனியாகப் போட வேண்டிய தமிழ்

தவளக்குப்பத்தில் நண்பரொருவரின் வீட்டு மாடியில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடுவது வழக்கம். அங்கே, யாரோ கழித்துக் கொடுத்த பழைய கணினி ஒன்றில் டெபியன் இயங்குதளத்தை நிறுவியிருந்தோம். வன்தட்டு மிகச் சிறியது. இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, பரிந்துரைக்கப்படும் கூடுதல் பொதிகள் எவையும் வேண்டாம் என்று அமைத்துவிட்டோம்.

சில நாட்கள் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். பிரெஞ்சும் தமிழும் ஒருசேரப் பயின்ற தலைமுறையைச் சேர்ந்தவர். தம் நினைவுக்குறிப்புகளின் முதற்பகுதியைப் பேரன் தட்டச்சு செய்து தந்திருக்க, எஞ்சியதை இங்கே எழுத விரும்பினார். பென்டிரைவில் இருந்த கோப்பைத் திறந்தோம். திரை முழுதும் வெற்றுக் கட்டங்கள்.

"இதில் தமிழ் இல்லையா தம்பி?"

"உண்டு ஐயா. தனியாகப் போட வேண்டும்."

"தமிழையே தனியாகப் போட வேண்டுமா!" என்று சிரித்தார். உடன் சிரிக்க எங்களால் இயலவில்லை.

1993இல் தொடங்கப்பட்ட டெபியனில், ஒரு பொதி பிற பொதிகளை மூன்று விதமாகச் சுட்டும். 'சார்பு' என்றால் அஃதின்றி இது இயங்காது. 'பரிந்துரை' என்றால் பெரும்பாலோர்க்குத் தேவைப்படும். 'யோசனை' என்றால் இருந்தால் நன்று. 2009இல் வெளியான லென்னி பதிப்பிலிருந்து பரிந்துரைகளும் தாமாகவே நிறுவப்படுகின்றன. எது இன்றியமையாதது, எது கூடுதல் என்பதைப் பொதியைப் பராமரிப்பவர் கணிக்கிறார், நிறுவுபவர் மறுக்கலாம். நல்ல சுதந்திரம்தான். ஆனால் பலர் புழங்கும் கணினியில் நாங்கள் மறுத்தது எங்களுக்காக மட்டுமன்று; அந்த முதியவருக்காகவும் மறுத்திருந்தோம், அவரைக் கேளாமலே.

அன்றிரவே தமிழ் எழுத்துருக்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் லிப்ரே ஆபிஸின் தமிழ் மொழிப்பொதியையும் நிறுவினோம். அப்போதுதான் கவனித்தோம்: பிரெஞ்சும் அங்கே தனிப்பொதிதான். ஆக, கூடுதலாக இருப்பது இழிவன்று. கவனிக்க ஆளில்லாமற் போவதே ஆபத்து. பராமரிப்பவர் விலகிவிட்டால் டெபியன் அப்பொதியை 'அநாதை' என்று பட்டியலிடும். எவரும் தத்தெடுக்கலாம். எடுப்பாரின்றிப் பழுதும் சேர்ந்தால் ஒருநாள் நீக்கப்படவும் கூடும். மொழிபெயர்ப்பின் கதையும் ஏறத்தாழ இதுவே. மென்பொருள் வளரும்போது புதிய வரிகளைத் தமிழாக்க ஆளில்லையெனில், தமிழ்ப் பட்டிகளினூடே ஆங்கிலம் தலைகாட்டத் தொடங்கும்.

தமிழின் தொன்மையைப் பேசியே எத்தனையோ மாலைகளைக் கழித்த நாங்கள், அதுவரை ஒரு வரியைக்கூட மொழிபெயர்த்ததில்லை; ஒரு பிழையைக்கூட அறிவித்ததில்லை.

மறுவாரம் ஆசிரியர் வந்தார். கட்டங்கள் இருந்த இடத்தில் அவருடைய சொற்கள் இருந்தன. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யார் செய்தது?" என்றார். எழுத்துருப் பொதியின் விவரத்தைத் திறந்து, பராமரிப்பவர்களின் பெயர்களைக் காட்டினோம். சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

"முன்னுரையில் நன்றி சொல்ல வேண்டும். உங்கள் பெயர் எதில் இருக்கிறது?"

எதிலும் இல்லை. இப்போது வாரத்தில் ஒரு மாலையை மொழிபெயர்ப்புக்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.