ஆனை படுத்த கதை

ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகன் போன் பண்ணி, "மாமா, உங்க நெஞ்சு எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டால் என்ன அர்த்தம்? பையன் பட்டாளத்துக்குப் போகத் துணிந்துவிட்டான் என்று அர்த்தம்.

எனக்கு நெஞ்சு விவகாரம் என்றாலே கூச்சம். பத்தொன்பது வயதில் நானும் ஆள் சேர்ப்பு வரிசையில் நின்றவன்தான். டேப் பிடித்திருந்தவர், "மூச்சை இழு தம்பி" என்றார். "இழுத்தாச்சு ஸார்" என்றேன். அத்தோடு தேசம் என்னைக் கைவிட்டது; பி.காம். காப்பாற்றியது.

சனிக்கிழமை விருதுநகர் போய் ஆனைக்குட்டத்துக்கு பஸ் பிடித்தேன். அக்கா பட்டாசு ஆலைக்குப் போகிறவள். வாசலிலேயே மடக்கினாள். "நீயாவது எடுத்துச் சொல்லுடா. நாலு வருஷ வேலைக்கா துப்பாக்கி தூக்குறது?"

நியாயம்தானே! 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில், நாலு வருஷம் முடிந்தால் நூற்றுக்கு அதிகபட்சம் 25 பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டே பையனைக் கவிழ்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அணைக்கரையில் ஓடிக்கொண்டிருந்தான். கையில் வாட்ச்சோடு நின்றவர் பட்டாளத்து அண்ணாச்சி. மதராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். என் கணக்கைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையிலிருந்து பழைய தொப்பி பேட்ஜ் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"என்ன தெரியுது தம்பி?"

"ஆனை."

"ஊர் பேர்லயும் ஆனை, தொப்பியிலயும் ஆனை. அதனாலதான் எனக்கு அங்கே இடம் கிடைச்சுதுன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டிருந்தேன்!"

பிறகுதான் கதையை ஆரம்பித்தார். 1758-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் சென்னையில் திரட்டிய பட்டாலியன்கள்தான் வேர். 1803 செப்டம்பர் 23-ல், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் அசாயேவில், தங்களைவிடப் பல மடங்கு பெரிய மராட்டியப் படையோடு மோதி ஜெயித்தார்கள். அதற்குக் கிடைத்த விருதுதான் இந்த ஆனை. தளபதி வெல்லெஸ்லி, பிற்பாடு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர்.

"அப்போ வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டை போட்டாங்க?" என்றேன், மடக்கிவிட்ட சந்தோஷத்தில்.

"ஆமா. மூணே வருஷத்துல, 1806 ஜூலை 10-ல, வேலூர் கோட்டையில அதே வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியைத் திருப்பினதும் மதராஸ் சிப்பாய்ங்கதான்!"

புதுத் தலைப்பாகை மாட்டு, தாடியை எடு, நெற்றிக்குறி கூடாது என்று உத்தரவு போட்டதன் விளைவு அது.

அப்புறம்தான் ஆனை படுத்தது. தெற்கத்திக்காரனுக்குப் போர்க்குணம் போதாது, வடக்கத்திக்காரன்தான் பட்டாளத்துக்கு லாயக்கு என்று துரைமார்கள் ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தார்கள். சிக்கன நடவடிக்கையும் சேர்ந்துகொண்டது. பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்து, 1930-களின் தொடக்கத்துக்குள் கடையையே கட்டிவிட்டார்கள். எனக்குச் சட்டென்று ஓர் ஆறுதல். டேப்பில் தோற்றவன் நான் மட்டுமில்லை, ஒரு ரெஜிமென்ட்டே தோற்றிருக்கிறது!

இரண்டாம் உலகப் போர் வந்ததும் சித்தாந்தம் காணாமல் போயிற்று. மறுபடி கூப்பிட்டார்கள். பர்மாவில் ஜப்பான்காரனை எதிர்த்து நின்றது ரெஜிமென்ட். இன்று வெலிங்டனில் தலைமையகம்; "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" என்று போர் முழக்கம்.

பையன் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"இதையும் கேட்டுக்கோ. 2016 பிப்ரவரி 3. சியாச்சின்ல 19,600 அடி உயரம். 19-வது மதராஸ் பட்டாலியன் ஆளுங்க பத்துப் பேர் மேலே பனி சரிஞ்சுது. அஞ்சு நாள் கழிச்சு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் உசுரோட எடுத்தாங்க. 11-ம் தேதி டெல்லியில அவரும் போயிட்டார். எதிரியே கிடையாது, பனிதான். நான் போன்னும் சொல்லலை, போகாதேன்னும் சொல்லலை. தெரிஞ்சுட்டு ஓடு."

பையன் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து இன்னொரு ரவுண்டு ஓடப் போனான்.

ராத்திரி அக்கா விரலில் ஒட்டிய அலுமினியப் பவுடரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மருந்து வாசனையே அவனுக்கு வேண்டாம்னுதானேடா படிக்க வச்சேன்" என்றாள்.

என் கணக்குப் பாடத்தில் அதற்கு விடை இல்லை.

விடிகாலையில் பையன் டேப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "மாமா, சரியா புடிங்க."

"இழு மாப்ளே" என்றேன். இழுத்தான். முழுசாக அஞ்சு சென்டிமீட்டர் விரிந்தது.

"எவ்வளவுடா?" என்று அடுப்படியிலிருந்து குரல்.

"பாஸ், அக்கா" என்றேன், மெதுவாக.