மதிலோரச் சாலை

அடையாறு சிக்னலில் தொடங்கி ஹால்டா சந்திப்பில் முடிகிற சர்தார் படேல் சாலையை யாரும் முழுசாக நடப்பதில்லை. இருப்பது நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனாலும் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கடந்துவிடுவதற்கான சாலை என்றே சென்னை அதை வைத்திருக்கிறது. மேற்கு நோக்கி நடந்தால் இடது கைப்பக்கம் பெரும்பாலும் மதில். மாநகரத்துக்குள்ளேயே தேசியப் பூங்கா வைத்திருக்கும் ஊர் என்று நமக்கெல்லாம் பெருமை. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பூங்கா என்பது மதில்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள், அவ்வளவுதான்.

அடையாறிலிருந்து மத்திய கைலாஷ் வரை சொல்ல ஒன்றுமில்லை. கடைகள், ஹாரன். மத்திய கைலாஷில் பாதி பிள்ளையார், பாதி அனுமன் என ஒரே திருமேனியாக நிற்கும் ஆத்யந்தப் பிரபுவைக் கும்பிட்டுவிட்டு, பழைய மாமல்லபுரம் சாலை வந்து சேரும் அந்தச் சந்திப்பைக் கடக்க வேண்டும். வரிசை மாற்றிச் செய்கிறவர்கள் தைரியசாலிகள்.

பிறகு ஐ.ஐ.டி. மதில். எதிர்ப்பக்கம் தோல் ஆராய்ச்சி நிலையம். நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821-இல் அரசாங்கம் 35,000 ரூபாய்க்கு வாங்கிய தோட்டமும் காடும்தான் இந்த மதில்களுக்குப் பின்னால் இருக்கும் கிண்டிக் காடு. 1910-இல் இதில் ஏறத்தாழ 505 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். 1978-இல் தேசியப் பூங்கா ஆக்கியபோது மிஞ்சியிருந்தது 270 ஹெக்டேர் சொச்சம். நடுவில் போனதைத் திருடர்களோ மரக்கடத்தல்காரர்களோ கொண்டுபோகவில்லை. 1958-இல் ஐ.ஐ.டி.க்கு ஒரு பகுதி போனது. அதே வருஷம், நேருவின் யோசனைப்படி, குழந்தைகள் பூங்காவுக்கு ஒரு துண்டு. காந்திக்கு மண்டபம். எழுபதுகளில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடங்கள். எல்லாமே நல்ல காரியங்கள். ஒன்றையாவது கூடாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கெட்டவன் வெட்டினால் வழக்குப் போடலாம். நல்லவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டால் ரிப்பன் வெட்டும் விழாவுக்குப் போய்க் கைதட்டத்தான் முடியும்.

முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையத்தின் வளாகத்தைத் தாண்டும்போது இந்த வாதம் எனக்கே கொஞ்சம் சுருதி இறங்கிவிடுகிறது. வெளியூரிலிருந்து வந்து, பையும் ஸ்கேன் கவருமாக நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மரத்தைப் பற்றிப் பேச முடியாது. பேசாமல் நடக்க வேண்டியதுதான்.

காந்தி மண்டபம் என் எல்லை. நான் வளர்ந்தது கோட்டூரில். கோட்டூர்புரம் என்று எழுதிவிடாதீர்கள்; அது பின்னால் வந்தது, கோட்டூர் பழைய ஊர். மார்கழி ராத்திரிகளில் எங்கள் வீட்டுத் திண்ணை வரை நரி ஊளை கேட்கும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அதைக் கேட்டு அழுததாக எனக்கு நினைவில்லை. பல்லவன் பஸ் பிரேக் போட்டால்தான் அழும். எங்களுக்குக் கிண்டிக் காடு என்பது ஊரின் கொல்லைப்புறம் மாதிரி. வருஷத்தில் ஒரே ஒருநாள் மட்டும் அது ஊருக்கே முன்வாசல் ஆகிவிடும்.

காணும் பொங்கலைத்தான் சொல்கிறேன். விடிந்ததுமே மீஞ்சூரிலிருந்து அத்தை தன் பட்டாளத்தோடு வந்து இறங்கிவிடுவாள். எவர்சில்வர் தூக்கில் புளிச்சோறு, இன்னொன்றில் தயிர்சோறு, மந்தாரை இலைக் கட்டு, கரும்புத் துண்டுகள், ஒரு ஜமக்காளம். வீட்டில் காபி குடித்த கையோடு எல்லோரும் நடை. காந்தி மண்டபச் சாலையில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் அதே மாதிரி தூக்குகள், அதே மாதிரி ஜமக்காளங்கள். மாட்டு வண்டியில் வந்தவர்கள்கூட உண்டு. குழந்தைகள் பூங்கா வாசலில் டிக்கெட் வரிசை பாம்புப் பண்ணையையும் தாண்டி நிற்கும். புதுப் பாவாடைகள் கசங்கும், பலூன்காரர் நெரிசலில் தன் கம்பை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நீந்துவார். ஒலிபெருக்கியில் விடாமல் ஒரே செய்தி: சிவப்புச் சட்டை போட்ட நாலு வயசுப் பையன், பெயர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் உடனே வரவும். இப்போது காணும் பொங்கலன்று கடற்கரையில் போலீஸ்காரர்கள் குழந்தையின் கையில் போன் நம்பரைக் கட்டி அனுப்புகிறார்கள். அப்போது மைக் ஒன்றுதான் கதி.

அத்தைக்கு மான் பார்க்க வேண்டும். கம்பி வலைக்கு அப்பால் புள்ளிமான்கள் நிற்கும். ஜனங்கள் பொரி, கடலை, பழத்தோல் என்று நீட்டுவார்கள். அத்தை ஒருமுறை வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "ஏண்டா, இம்மாம் பக்கத்துல வச்சிக்கினு நீங்க தினம் வந்து பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். அம்மா, "அதுக்கென்ன அண்ணி, எங்கே ஓடிப்போகப்போவுது" என்றாள். சாப்பாடு முடிந்ததும் இலைகளைச் சுருட்டிப் போட்டுவிட்டு, மரத்தடியில் பெரியவர்கள் தூங்க, நாங்கள் சறுக்குமரத்துக்கு அடித்துக்கொள்வோம். மந்தாரை இலையை மான் தின்றால் மானுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் இலை போய்ப் பாலிதீன் பை வந்தது. உப்பும் எண்ணெயும் ஒட்டிய பையை மான் பையோடு சேர்த்தே தின்னும். இறந்த மான்களின் வயிற்றில் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் இருந்த செய்தி இந்தச் சாலையோர வளாகங்களிலிருந்து வந்தபடியே இருக்கிறது. திருவிழாவை நிறுத்தச் சொல்லும் ஆள் நான் இல்லை. மீஞ்சூர்க்காரர்களுக்கு வருஷத்தில் ஒருநாள் காடு வேண்டும். பாலிதீனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள அந்த ஒருநாள் நாலு ஆள் கூடுதலாகப் போட்டால் போதும்.

அன்று அத்தை பார்த்ததெல்லாம் வலைக்குள் இருந்ததைத்தான். உள்காடு வேறு. தேசியப் பூங்காவுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. அனுமதி வாங்கி, வனக்காவலர் துணையோடுதான். பெரியவனான பிறகு ஓர் இயற்கைக் குழுவோடு அப்படிப் போனேன். சோழமண்டலக் கரையின் பழைய உலர் பசுமைமாறாக் காட்டில் எஞ்சியிருக்கும் துண்டு இது. களா, காரை, காட்டு எலுமிச்சை என்று இடுப்பளவு, தலையளவு முட்புதர்கள். நட்சத்திர ஆமையும் புனுகுப்பூனையும் இருக்கின்றன. காத்தான் கொள்ளை, அப்பளங்குளம் என்று குளங்களுக்கு இன்னும் ஊர்ப்பெயர்கள்தான். போலோ மைதானம் என்று ஒரு திறந்தவெளி இருக்கிறது. வெளிமானுக்கு இருப்பதெல்லாம் அந்த மாதிரி இடங்கள்தான்.

முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாக நிற்கும் கிடா, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவித்துத் தன் எல்லையைச் சொல்கிறது. எதிரியைத் தூரத்திலேயே கண்டு, ஓடியே தப்பிக்கிற மிருகம் அது. மறைவிடம் அதற்குப் பாதுகாப்பு இல்லை, ஆபத்து. புள்ளிமானுக்கு நேர்மாறு, புதரும் நிழலும் இருந்தால் பெருகிவிடும். வெளிமானை 1924 வாக்கில் ஆளுநர் வில்லிங்டன் கொண்டுவந்து விட்டதாகச் சொல்வார்கள். புள்ளிமான் அதற்குப் பின்னால் வந்ததாகச் சொல்வார்கள். பின்னால் வந்தது பெருகியது. முன்னால் வந்ததற்குப் புல்வெளி சுருங்கியது. சீமைக்கருவேலம் ஒரு பக்கம் ஏறியது என்றால், மரம் நடும் நம் புண்ணியம் இன்னொரு பக்கம். திறந்த புல்தரையைப் பார்த்தால் நமக்குக் கை பரபரக்கிறது, வெற்றிடம் என்று தோன்றுகிறது. குழி தோண்டி ஒரு கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டால்தான் மனசு ஆறும். மதிலுக்கு வெளியே நல்ல காரியங்கள் காட்டைத் தின்றன என்றேன். மதிலுக்கு உள்ளே வெளிமானைத் தின்பதும் ஒரு நல்ல காரியம்தான்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஐ.ஐ.டி.க்கும் பூங்காவுக்கும் நடுவிலும், ஆளுநர் மாளிகைக்கும் பூங்காவுக்கும் நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். ஒரே மந்தை மூன்று முகவரிகளுக்குப் பிரிந்தது. வெளிமானுக்கு ஓடத் தேவைப்படும் தூரத்தை ஒரு சுவரால் குறைத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தோம்.

பாம்புப் பண்ணையில் நான் அதிகம் நிற்பதில்லை. 1972-இல் ராமுலஸ் விட்டேக்கர் இங்கே தொடங்கியது, இருளர்களின் கைத்திறனை ஊர் அறியச் செய்த இடம் என்ற மரியாதை உண்டு. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் தூங்கும் பாம்பை நான் பள்ளிக்கூட நாளிலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று. ஆளுநர் மாளிகை வாசலில் எப்போதும் போலீஸ் தடுப்பு. நடக்கிறவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பத்தடி தள்ளி ஹால்டா, அண்ணா சாலையின் இரைச்சல். சாலை முடிந்தது.

ஆனால் பேச்சு முடியவில்லை. அங்கிருந்து வேளச்சேரி பக்கம் திரும்பினால் குதிரைப் பந்தய மைதானம். 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. வழக்கும் நடந்தது. அதில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறையிடம் பசுமைப் பூங்காவுக்கென்று கொடுத்தார்கள்; வெள்ளத்துக்கு வடிகாலாகக் குளங்களும் வெட்டினார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் நிலம் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது, முதல்முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. அங்கே நீரூற்றும் செயற்கை அருவியும் செல்ஃபி மேடையும் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். வரட்டும், ஓர் ஓரமாக. பந்தயக் குதிரைகள் ஓடிய புல்தரையில் பாதியையாவது மரம் நடாமல், புல்லாகவே விட்டுவைக்கச் சொல்லி வனத்துறை கேட்க வேண்டும். தோட்டக்கலைத் துறைக்கு முன்னால் அவர்கள் கேட்டிருக்க வேண்டியது.