மேசையும் அடுப்பும்

2002 பிப்ரவரி 22ஆம் நாள் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நார்வேயின் துணையோடு போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. அவ்வேளையில் வீடிழந்து உள்நாட்டிலேயே அலைந்தோர் தொகை ஏறத்தாழ 8 இலட்சம். கடல் கடந்திருந்தால் இவர்கள் அகதிகள், கடக்காததால் 'இடம்பெயர்ந்தோர்'. பசிக்கு இச்சொல் வேற்றுமை தெரியுமா என்ன?

செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தாகிப்பில் பேச்சு தொடங்கிற்று. இரண்டாம் சுற்றிலேயே, உடனடி மனிதாபிமான, புனர்வாழ்வுத் தேவைகளுக்கென இரு தரப்பினரும் அடங்கிய துணைக்குழு அமைக்கப்பட்டது. மீள்குடியேற்றம், கண்ணிவெடி அகற்றல், பள்ளி, மருத்துவமனை ஆகியவை அதன் பணிகள். நேற்று வரை துப்பாக்கி நீட்டியவர்கள் கூரைத்தகட்டுக்குக் கணக்கெழுத ஒன்றாய் அமர்ந்தது சிறு செய்தியன்று. ஆயினும் பணத்தை எவர் கையில் ஒப்படைப்பது என்ற வினா எழுந்தது. 2003 சனவரியில் உலக வங்கியை நிதிக்காப்பாளராக இரு தரப்பும் ஏற்றன.

மக்களோ குழுவின் ஏட்டுக்காகக் காத்திருக்கவில்லை. வெடி புதைந்த வரப்புகளின் வழியே ஊர் திரும்பலாயினர். 2003 இறுதிக்குள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பிவிட்டனர். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரர்க்கும் மயிலிட்டி மீனவர்க்கும் அப்பேறு கிட்டவில்லை. அவர்தம் நிலமும் துறையும் பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த உயர்பாதுகாப்பு வலயத்துள் கிடந்தன. புலிகள் ஆயுதம் களைந்தாலன்றி வலயம் சுருங்காது என்றது படைத்தரப்பு. குடும்பங்களைக் குடியமர்த்தும் காரியம் ஆயுதக் கணக்கோடு பிணைக்கப்பட்ட அக்கணமே திட்டம் நொண்டியாகிவிட்டது.

2003 ஏப்ரலில் வாசிங்டனில் நடந்த உதவியாளர் கூட்டத்திற்குப் புலிகள் அழைக்கப்படவில்லை. அமெரிக்காவில் அவர்கள் தடைசெய்யப்பட்டிருந்தனர். 21ஆம் நாள் பேச்சிலிருந்து அவர்கள் விலகினர். சூனில் தோக்கியோ மாநாடு 450 கோடி டாலர் வாக்களித்தது. அமைதி முன்னேறினால் மட்டுமே என்ற நிபந்தனையும் உடன் வந்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

அக்டோபர் 31இல் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைத் திட்டத்தை முன்வைத்தனர். மீள்குடியேற்றமும் நிதியும் அச்சபையின் பொறுப்பாகக் கேட்கப்பட்டன. பின்னாளில் பினாங்கின் துணை முதலமைச்சரான பேராசிரியர் பி. இராமசாமி அவ்வாக்கத்தில் பங்கேற்றவர் என்பது நம் ஊரார் அறிந்ததே. நான்காம் நாள் அதிபர் சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டார். திட்டம் பேச்சுக்கே வரவில்லை.

லாவோசிலும் இது நடந்ததுண்டு. 1973 பிப்ரவரி 21இல் வியஞ்சானில் உடன்பாடு கையொப்பமாயிற்று. அமெரிக்கருக்குத் துணைநின்ற மோங் மலைமக்களுள் ஊரிழந்தோர், வானூர்திகள் போட்ட அரிசியில் வாழ்ந்தவர்கள். 1975 மே மாதம் லோங் தியெங்கிலிருந்து வானூர்தி ஏறியோர் 2,500 பேரளவில். மற்றையோர் மேக்கோங் ஆற்றை நோக்கி நடந்தனர். வாக்களித்தவர்க்குப் புறப்படும் நாள் தெரிந்திருந்தது, நம்பியவர்க்குத் தெரியவில்லை.

மயிலிட்டித் துறை 2017 சூலையில்தான் விடுவிக்கப்பட்டது. 1990இல் பிள்ளைகளாய் வெளியேறியவர்கள், தம் பிள்ளைகளோடு வந்து வீட்டின் அடித்தளத்தைத் தேடினர்.