கையில் ஒரு காசோலை

கையிலுள்ள காசோலை பணமாகுமா, காகிதமாகவே திரும்புமா என்ற ஐயத்தோடு ஓர் இரவைக் கழித்தவர்களுக்கே அதன் கனம் தெரியும். எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் பதினொரு ஆண்டுகளாகத் தையற்கடை நடத்தி வருபவர், ஆறு மாத வாடகை நிலுவைக்கென்று ரூ. 36,000-க்கு ஒரு காசோலையை நீட்டினார். எங்கள் முகத்தை அவர் பார்க்கவில்லை. "கொஞ்சம் பொறுத்து வங்கியில் போடுங்கள், ஐயா" என்று மட்டும் சொன்னார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கோ இரண்டு வாரங்களே இருந்தன.

இந்த ஐயம் எங்களுக்குப் புதிதன்று. பல ஆண்டுகளுக்கு முன், நெல் விற்ற வகையில் வந்த காசோலையை நம்பி, அது பணமாகுமுன்னரே மகனின் பள்ளிக்கு எங்கள் காசோலையை எழுதிக் கொடுத்தோம். அது திரும்பியது, அதனால் எங்களுடையதும் திரும்பியது. வங்கி இரண்டிற்கும் எங்களிடமே கட்டணம் பிடித்தது. ஏமாந்தவர்கள் நாங்கள், பள்ளி அலுவலகத்தின் கண்ணுக்கு ஏமாற்றியவர்களும் நாங்களே.

இம்முறை கணவனும் மனைவியுமாக அமர்ந்து யோசித்தோம். துணிந்து வங்கியில் போட்டுவிடலாமா? சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆவது பிரிவு 1989 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கடனுக்காகக் கொடுத்த காசோலை போதிய பணமின்றித் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிடில், அடுத்த ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் முறையிடலாம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் பதினொரு ஆண்டுப் பழக்கத்தை நீதிமன்றப் படியில் நிறுத்த மனம் ஒப்பவில்லை.

அப்படியானால், இரக்கப்பட்டு அலமாரியில் பூட்டி வைக்கலாமா? அதுவும் தவறே. 2012 ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுள், அதில் இட்ட தேதியிலிருந்து மூன்று மாதமே. அதன்பின் கடன் இருக்கும். காசோலைக்கு வலு இராது.

மறுநாள் மாலை, கடை அடைக்கும் வேளையில் சென்றோம். வேறு எவரும் இல்லை. "தம்பி, இதை நாளை போட்டால் பணம் இருக்குமா?" என்று கேட்டோம். அவர் இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இல்லை ஐயா. உங்கள் முன் வெறுங்கையோடு நிற்க வெட்கப்பட்டு எழுதிவிட்டேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திற்குப் பின் எல்லாம் எளிதாயிற்று. கையிலிருந்த ரூ. 12,000-ஐ அப்பொழுதே தந்தார். இரசீது எழுதிக் கொடுத்தோம். பழைய காசோலையை அவரே கிழித்தார். பள்ளிச் சீருடைத் தையற்கூலி வரும் நாளைக் கணக்கிட்டு, ரூ. 12,000-க்கு அத்தேதியிட்ட புதுக் காசோலை ஒன்று தந்தார். எஞ்சியதை மாதம் ரூ. 2,000 வீதம் தருவதாக இருவரும் கையொப்பமிட்டோம். கல்லூரிக் கட்டணத்திற்கு இல்லத்தரசியின் வளையல்கள் அடகுக்குச் சென்றன. அதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

புதுக் காசோலை பணமாயிற்று. மாதத் தவணைகள் இரண்டு வந்தன; மூன்றாவது தாமதமாகியிருக்கிறது. ஆயினும் கடை திறக்கையில் அவர் எங்கள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்.

அன்பர்களே, ஐயத்திற்குரிய காசோலை கைக்கு வந்தால், அதை நம்பி மற்றொருவருக்கு வாக்குக் கொடாதீர்கள். அதன் தேதியைக் குறித்து வையுங்கள். வங்கிக்குச் செல்லுமுன், கொடுத்தவரிடம் தனியே சென்று கேளுங்கள். வங்கியிலிருந்து திரும்பி வரும் சீட்டு, பணம் இல்லை என்று மட்டுமே சொல்லும். ஏன் இல்லை என்பதை மனிதர்தாம் சொல்ல முடியும்.